காப்புரிமை அலுவலகத்தில் நோயாளர்: இந்திய எச்.ஐ.வி. உள்ளோர் இயக்க வரலாற்றில் ஒரு கூறு

இந்திய மருத்துவ வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் அரசுத் திட்டங்களையும் மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளில் நோயாளர் எண்ணிக்கையாக மட்டுமே வந்து போகின்றனர். எச்.ஐ.வி. தொற்றின் இந்திய வரலாற்றை அவ்வாறு எழுதிவிட இயலாது. நோயாளர் தாமே சங்கம் கண்டு, மருந்தின் இயல்பறிந்து, சட்டம் பயின்று, தம் சிகிச்சையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட வரலாறு அது. அவர்கள் காப்புரிமைச் சட்டத்தைக் கையாண்ட முறையினை இக்கட்டுரையில் நோக்குகிறோம்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையிலேயே. 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, பட்டமேற்படிப்பு மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. முடிவு வெளியானதும் நாடெங்கும் அச்சம் பரவியது. அவ்வச்சம் சட்ட வடிவம் பெற்ற இடம் கோவா. அங்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, தொற்றுள்ளோரைத் தனிமைப்படுத்த வழி செய்யப்பட்டது. குருதிக்கொடை அளித்ததன் வழியே தொற்று வெளிப்பட்ட டொமினிக் டிசோசா என்னும் இளைஞர் 1989இல் காவல்துறையினரால் கொண்டு செல்லப்பட்டு, முன்னர்க் காசநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் 64 நாள் அடைத்து வைக்கப்பட்டார். அவருடைய தாயார் லூசி பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடினார். மகன் வெளியே வந்தார். ஆயினும், தனிமைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றே தீர்ப்பு அமைந்தது. வேலையை இழந்த டொமினிக், 1992இல் 'பாசிட்டிவ் பீப்பிள்' என்னும் அமைப்பு உருவாகக் காரணமாக இருந்து, அவ்வாண்டே மறைந்தார். இவ்வழக்கில் வாதாடிய ஆனந்த் குரோவர், பிற்காலத்தில் மருந்துக் காப்புரிமை வழக்குகளிலும் நோயாளர் சார்பில் நின்றவர் என்பது நோக்கத்தக்கது. இவ்விரு காலகட்டங்களையும் தனித்தனியாகக் காண்பது பொருந்தாது என்பது நம் கருத்து.

1997இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோரின் தேசியக் கூட்டமைப்பு தோன்றியது. மறு ஆண்டில், கௌசல்யா பெரியசாமி முதலான பெண்கள் தமக்கெனத் தனிக் கூட்டமைப்பு ஒன்றனை அதே நகரில் தொடங்கினர். 'எய்ட்ஸ் நோயாளி' என்பதனை விடுத்து 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்னும் தொடர் தமிழில் நிலைபெற்றதற்கும் இத்தகைய அமைப்புகளுக்கும் தொடர்புண்டு. தமிழாசிரியர்கள் இச்சொல்லாட்சியைக் கருதிப் பார்க்கலாம். முன்னது மனிதரையே நோயாக்குகிறது. பின்னது தொற்றினை அவரிடம் உள்ள பலவற்றுள் ஒன்றாக நிறுத்துகிறது.

எனினும் சொல் மாறியதால் மருந்து கிட்டிவிடவில்லை. மும்மருந்துக் கூட்டுச் சிகிச்சை 1996 முதல் உலகில் வழக்கிற்கு வந்தது. அதற்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் செலவாயிற்று. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதனை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது; மருந்துப் பொருளுக்கு அளிக்கவில்லை. ஆதலின் அதே மருந்தினை வேறு முறையில் உருவாக்க இந்திய நிறுவனங்களுக்குத் தடையில்லை. இதன் பயனை மலேசியாவும் பெற்றது. 2003இல் மலேசிய அரசு, தன் காப்புரிமைச் சட்டத்தின் அரசுப் பயன்பாட்டு விதியின் கீழ், சிப்லாவின் மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கு இறக்குமதி செய்ய இசைவளித்தது. சிடோவுடினும் லாமிவுடினும் சேர்ந்த கூட்டு மாத்திரை அவற்றுள் ஒன்று.

2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இம்மருந்துகளைத் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க, 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வழங்க வேண்டியதாயிற்று. ஆயினும் திருத்தப்பட்ட சட்டத்தில் ஒரு வாயில் திறந்திருந்தது. காப்புரிமை வழங்கப்பட்ட பின்னர் அதனை எதிர்ப்பவர் அதில் 'நலன் உடைய நபராக' இருத்தல் வேண்டும்; வழங்கப்படும் முன்னரோ 'எந்த நபரும்' எழுத்து வழி எதிர்க்கலாம் என்கிறது 25ஆம் பிரிவு. மருந்துத் தொழில் எதுவும் நடத்தாத நோயாளர், உலக நிறுவனங்களுக்கு எதிரே சட்டப்படி நிற்க இவ்விரு சொற்களே இடமளித்தன.

2006 மார்ச்சில், சென்னையின் தேசியக் கூட்டமைப்பும் மணிப்பூர் எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்பும் கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு அளித்தன. எதிர்க்கப்பட்டது, மலேசியா இறக்குமதி செய்த அதே கூட்டு மாத்திரைக்கு கிளாக்சோ ஸ்மித்கிளைன் கோரிய காப்புரிமை. அறிந்த இரு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்ப்பது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது அவர்கள் வாதம். அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

விலை குறைந்த மருந்து நிறுவனங்களின் போட்டியே அனைத்தையும் சாதித்தது என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. நிறுவனம் தனக்கேற்ற ஒப்பந்தம் கிடைத்தால் வழக்கிலிருந்து விலகிக்கொள்ளக் கூடும். டெனோஃபோவிர் மருந்து தொடர்பாக 2006இல் கிலியட் நிறுவனம் இந்திய நிறுவனங்கள் பலவற்றுடன் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. நோயாளர் அமைப்புகள் ஒதுங்கவில்லை. சிப்லாவும் அவர்களும் எதிர்த்து நிற்க, 2009இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இம்முறையினைக் காசநோயாளரும் கைக்கொண்டனர். காசநோய் மருந்தின் பக்க விளைவால் செவித்திறனை இழந்த மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும், அவ்வாறே இழந்த தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும், பெடாகுவிலின் மருந்தின் தனியுரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் அளித்த விண்ணப்பத்தை 2019இல் எதிர்த்தனர். 2023 மார்ச்சில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏற்கப்பட்டிருப்பின் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும்.

காப்புரிமை அலுவலகத்தில் பெற்ற வெற்றி மருத்துவமனையின் மருந்து அலமாரியை நிரப்பிவிடுவதில்லை. 2022இல் எச்.ஐ.வி. மருந்துகள் தட்டுப்பட்டபோது, தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் முன் நோயாளர் ஒரு மாதத்திற்கு மேல் போராட வேண்டியிருந்தது. நோயுற்றவரே வேதியியலும் சட்டமும் கற்று, போராட்டமும் நடத்த வேண்டியிருப்பதைப் பாராட்டுவதோடு நிற்றல் தகாது. அது அவர்கள்மீது ஏற்றப்பட்ட சுமை என்பதனையும் கூறியாக வேண்டும்.

அச்சுமை குறைந்தபாடில்லை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், காப்புரிமை வழங்கப்படும் முன் அளிக்கும் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்தது. மனு ஏற்கத்தக்கதா என்பதனைக் காப்புரிமை அதிகாரி முதலில் ஆராய்ந்து தீர்மானிப்பார் என்றும் அது கூறியது. 'எந்த நபரும்' என்னும் தொடர் மட்டும் சட்டத்தில் மாற்றமின்றி உள்ளது.