கிருணாவில் பறக்காத பலூன்

சுவீடன் நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்திற்கும் அப்பால், கிருணா என்றொரு சுரங்க நகரம் உண்டு. இரும்புத்தாதுவால் பெயர் பெற்ற ஊர். அதனருகே உள்ள எஸ்ரேஞ்சு ஏவுதளத்திலிருந்து 2021 ஜூன் திங்களில் ஒரு பலூனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்ப அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிவியலாளர் சிலர் ஏற்பாடு செய்திருந்தனர். கருவிகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பதே நோக்கம். வானில் எதையும் தூவும் எண்ணம் அந்த முதற்பயணத்தில் இல்லை. பின்னொரு பயணத்தில் தூவக் கருதியதும் இரண்டு கிலோவுக்கு மேற்படாத சுண்ணாம்புத் துகள்தான். ஆயினும் அப்பலூன் பறக்கவில்லை. அதைத் தடுத்தவர்கள் பனிமான் மேய்க்கும் எளிய மக்கள்.

கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்குவோம். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு அடுக்குமண்டலத்தை எட்டி, நுண்துளிகளாக மாறி, உலகைச் சுற்றிப் பரவி, கதிரவனின் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டில் புவியின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை செல்சியஸ் குறைந்தது. எரிமலை செய்ததை மனிதன் செய்தால் என்ன என்னும் எண்ணம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. சோவியத் அறிஞர் மிகயீல் புதிக்கோ 1974-இலேயே இதை எழுதினார். அதனினும் முன்னதாக, 1965-இல் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் ஜான்சனிடம் அளிக்கப்பட்ட அறிக்கை ஒன்று, கரியமில வாயு பெருகுவதற்கு மாற்றாகக் கடற்பரப்பில் ஒளிதிருப்பும் துகள்களைத் தூவலாம் என்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் குறைத்து எரிக்கலாம் என்று அது சொல்லவில்லை! ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பவுல் குருட்சன் 2006-இல் இக்கருத்தை மீண்டும் எழுப்பியபின், அது ஆய்வுக்கூடங்களில் மதிப்புடன் பேசப்படும் பொருளாயிற்று.

குளிர்ச்சி எல்லாருக்கும் நன்றுதானே என்று வாசகர் கேட்கலாம். சிக்கல் மழையில் இருக்கிறது. பினாட்டுபோ வெடித்ததற்கு அடுத்த ஆண்டில் உலக நிலப்பரப்பில் மழை குறைந்தது. வடபாதியில் மட்டும் துகள் தூவினால் ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி வறண்டு போகும் என்று 2013-இல் வெளிவந்த கணினி ஆய்வு ஒன்று காட்டியது. ஆசியாவின் கோடைப் பருவமழையும் தளரக்கூடும் என ஆலன் ரோபோக் முதலியோர் 2008-இல் எச்சரித்தனர். பருவமழையை நம்பி விதைக்கும் நமக்கு இது அயலார் செய்தி அன்று. மேலும், தொடங்கியதைத் திடீரென நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே சீறி எழும். அப்படியானால் புவியின் வெப்பநிலையை எந்த அளவில் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? யாரிடம் கேட்பது?

இக்கேள்வியைத்தான் வடகோடி மக்கள் எழுப்பினர். அவர்கள் பெயர் சாமி. (நம் செவிக்கு அப்பெயர் வேறு பொருள் தருவதை என் செய்வது!) நார்வே, சுவீடன், பின்லாந்து, உருசியா ஆகிய நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் தொல்குடியினர். எஸ்ரேஞ்சிலிருந்து ஏவப்படும் கலங்களின் எச்சங்கள் விழும் நிலம் அவர்களுடைய பனிமான் மேயும் நிலமே. 2021 பிப்ரவரி 24 அன்று சாமி மன்றமும் சுவீடனின் மூன்று சுற்றுச்சூழல் அமைப்புகளும் கூட்டாக ஒரு மடல் வரைந்தன. எங்கள் நாட்டில் நடக்கவிருப்பதை எங்களிடம் எவரும் கேட்கவில்லை. இத்திட்டத்தின் அறநெறிகளை ஆய அமைத்த அறிவுரைக் குழுவினரோ ஏறத்தாழ அனைவரும் அமெரிக்கர் என்பது அம்மடலின் சாரம்.

பலூனே வெறுமையாகச் செல்லும்போது இத்தனை அச்சம் ஏன்? வானிலிருந்து வருவதை அம்மக்கள் ஒருமுறை அறிந்திருந்தனர். 1986-இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபோது கதிரியக்கச் சீசியம் மழையோடு சுவீடன் மண்ணில் இறங்கிற்று. தரையில் படரும் லைக்கன் அதை உறிஞ்சியது. லைக்கனைப் பனிமான் தின்றது. பல்லாயிரம் மான்களின் இறைச்சி உண்ணத் தகாதென ஒதுக்கப்பட்டது. அவ்வுலையை அமைக்குமுன் சாமி மக்களிடம் யார் கேட்டார்கள்?

மறுதரப்பையும் கேட்க வேண்டும். ஆய்வே கூடாதென்றால், நாளை வெப்பத்தால் வாடும் ஏழை நாடு ஒன்று அறியாமையில் முடிவெடுக்க நேரும் என்று அறிவியலாளர் வாதிடுகின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. வங்காளதேசம், பெனின், ஜமைக்கா போன்ற நாடுகளின் ஆய்வாளர்கள் தத்தம் மண்ணின் மழையைத் தாமே கணக்கிட 2018 முதல் நிதியுதவி கிடைத்து வருவது, என் பார்வையில், பலூனைவிடப் பயனுள்ள செயல். ஆனால் அறிவு வேண்டும் என்பது, கேளாமல் தொடங்கலாம் என்பதற்கு அனுமதி ஆகாது. அறிவுரைக் குழுவும் இறுதியில் அப்படியே கருதியது போலும். 2021 மார்ச் 31 அன்று, சுவீடன் மக்களோடு உரையாடாமல் பறக்கவிட வேண்டாம் என்று அது பரிந்துரைக்க, பயணம் நிறுத்தப்பட்டது.

இந்த நியதி புதிதன்று. குருமாணவராய்த் திருச்சபைச் சட்டம் பயின்றோர் அறிவர்: எல்லாரையும் தொடும் ஒன்றை எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்னும் விதியைத் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் 1298-இல் தம் சட்டத் தொகுப்பில் சேர்த்தார். (பிறரைக் கேட்டு நடப்பவர் என்று பெயரெடுத்தவர் அல்லர் அவர் என்பது வேறு கதை.) மூன்றாண்டுகளுக்கு முன், 1295-இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு பாராளுமன்றம் கூட்டியபோதும் அதே விதியைச் சுட்டினார். அதன் வேரோ 6-ஆம் நூற்றாண்டின் யுஸ்தினியன் சட்டத்தில் உள்ளது. அங்கே அது அரசியல் விதியே அன்று. தந்தையற்ற சிறுவன் ஒருவனுக்குப் பாதுகாவலர் பலர் இருந்தால், அனைவரின் இசைவுமின்றி அப்பொறுப்பைக் கலைக்கலாகாது என்னும் குடும்ப வழக்கு. பலர் பொறுப்பில் உள்ள ஒன்றை ஒருவர் மட்டும் முடிவு செய்யலாகாது என்னும் அவ்வழக்கு, வானத்திற்கு எத்துணைப் பொருந்துகிறது! திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலும், தொல்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் பெருந்திட்டங்களில் அவர்களே முதன்மையான உரையாடல் பங்காளிகளாக இருக்க வேண்டும் என்கிறது.

பிற இடங்களிலும் இது நிகழ்ந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பலூன் வழியே வெறுந்தண்ணீர் தெளிக்கும் சோதனை 2012-இல் கைவிடப்பட்டது. மெக்சிகோவில் ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனம் யாரிடமும் கேளாமல் 2022-இல் பலூன்களை விட்டது. அடுத்த சனவரியில் அந்நாட்டரசு இத்தகைய சோதனைகளைத் தடைசெய்வதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவின் அலமேடா நகரில், பழைய போர்க்கப்பல் ஒன்றின் மேல்தளத்திலிருந்து கடலுப்புத் துகள் தெளித்த சோதனையை, உடல்நலத்திற்குத் தீங்கில்லை என்று வல்லுநர் கூறியும், நகர மன்றம் 2024 ஜூனில் ஒருமனதாக மறுத்தது. நகரத்தார்க்கு உறுத்தியது, தெளிக்கத் தொடங்கிய பின்னரே செய்தி தங்களை எட்டியது என்பதுதான்.

கிருணாவில் நின்ற திட்டத்தை ஹார்வர்டு 2024 மார்ச்சில் முற்றாக முடித்துக்கொண்டது. ஏறக்குறைய அதே நாட்களில் நைரோபியில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவை கூடியிருந்தது. இப்பொருளை ஆராய வல்லுநர் குழு ஒன்று அமைக்கலாம் எனச் சுவிட்சர்லாந்து முன்வைத்த வரைவைப் பேரவை விவாதித்தது. ஆப்பிரிக்க நாடுகள் இதைப் பயன்படுத்தவே கூடாதென்றன. வேறு சில நாடுகள் அதற்கு இசையவில்லை. உடன்பாடு எட்டாமல் வரைவு திரும்பப் பெறப்பட்டது.