துணைத் திட்ட நிதி காலனிக்கு வந்து சேர்கிறதா? சாத்தூர் வட்டாரப் பொதுச் சுகாதாரத்தை முன்வைத்து

விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டங்களைப் பட்டாசுத் தொழில் ஒன்றாகப் பிணைத்திருக்கிறது. இங்கே 'மருந்து' என்றால் வெடிமருந்துக் கலவை என்றே பொருள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம், 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி என வெடிவிபத்துகளின் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. விபத்து நிகழாத நாள்களில் இத்தொழிலாளர் குடியிருப்புகளின் உடல்நலத்திற்கு அரசு எந்தக் கணக்கில், எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களுக்கென ஒரு நிதி ஏற்பாடு 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. அதன் வரலாற்றையும் இயங்குமுறையையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நிதி ஏற்பாட்டின் தோற்றம்

பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நலன்களைச் சிறப்புக் கவனத்துடன் மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் உறுப்பு. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்தும் கடமையை 47ஆம் உறுப்பு சுட்டுகிறது. ஆயினும் இவை இரண்டும் நீதிமன்றத்தின் வழி நிறைவேற்றிக்கொள்ள முடியாத வழிகாட்டு நெறிகளே. பழங்குடியினர் நலனுக்கான மானியத்திற்கு 275(1)ஆம் உறுப்பு நேரடி இடமளிக்கிறது. பட்டியல் சாதியினருக்கு அத்தகைய தனிவிதி இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 1979இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் தொடங்கப்பட்டது. மக்கள்தொகை விகிதத்திற்குக் குறையாமல் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒதுக்கிய நிதியை வேறு பணிகளுக்குத் திருப்பக் கூடாது, காலாவதியாகவும் விடக் கூடாது என்று திட்டக் குழு பின்னர் வலியுறுத்தியது. பிற்காலத்தில் அது பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் எனப் பெயர் மாறியது. 2017-18 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினை கைவிடப்பட்டபோது, துணைத் திட்டத்தைக் கணக்கிடும் அடிப்படையே நழுவியது.

இத்தனை ஆண்டுகளும் இந்த ஏற்பாடு நிர்வாக வழிகாட்டுதலையே நம்பியிருந்தது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் இதற்கெனச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அச்சட்டம் 2024இல்தான் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காட்டினர்.

ஏட்டில் நிற்கும் ஒதுக்கீடு

வரவு செலவு ஆவணங்களில் இந்நிதியை 789 என்ற சிறுதலைப்பின் கீழ்க் காணலாம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். எடுத்துக்காட்டாக, நகரத்து மருத்துவமனைக் கட்டடம் ஒன்றுக்கு ₹100 கோடி ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். அதில் ₹20 கோடியை 789இன் கீழ் எழுதிவிட்டால் விகிதம் நிறைவேறிவிடும். பட்டாசு ஆலைக்கு விடியற்காலையில் வேன் ஏறிச் செல்லும் தலித் பெண்ணுக்கு அக்கட்டடத்தால் என்ன கிடைத்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. பயனாளியை அடையாளம் காணாமல் விகிதத்தை மட்டும் நிரப்பும் இதனைப் பெயரளவு ஒதுக்கீடு என்கிறோம்.

திசைதிருப்பல் இன்னொரு வகை. 2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குச் சிறப்பு உட்கூறு நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் திருப்பப்பட்டது நாடறிந்த செய்தி. சட்டம் வந்துவிட்டாலே இது நின்றுவிடும் என்று கருதவும் இயலாது. பொது உள்கட்டமைப்புச் செலவின் ஒரு பகுதியைப் பட்டியல் இனத்தவருக்குச் செலவிட்டதாகவே கருதிக்கொள்ளக் கர்நாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு இடம் தந்தது. தலித் இயக்கங்கள் தொடர்ந்து எதிர்த்த பின்னரே, 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது.

கிராமத்திற்கு வரும் வழிகள்

சுகாதார நிதி கிராமத்தை அடையும் முதன்மை வழி தேசிய நலவாழ்வு இயக்கம். ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் இதற்கு நிதி தருகின்றன. இதன் கீழ்க் கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு ₹10,000 நிபந்தனையற்ற நிதியாக வழங்க வழிவகை உள்ளது. தொகை சிறிது, ஆனால் குழு எங்கே கூடுகிறது, யாரைக் கேட்டுச் செலவிடுகிறது என்பது சிறிய செய்தியன்று. ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் ஊராட்சியில் ஊருக்குள்ளேயே கூடிக் கலையும் குழு, காலனியின் சாக்கடையைக் காண்பதில்லை.

இரண்டாவது வழி, முன்மாதிரிக் கிராமத் திட்டம். 2009-10இல் முன்னோட்டமாகத் தொடங்கிய இத்திட்டத்தில் தமிழ்நாட்டின் 225 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. பட்டியல் சாதியினர் செறிந்து வாழும் கிராமங்களின் இடைவெளிகளை நிரப்ப, கிராமம் ஒன்றுக்கு ₹20 லட்சம் வரை தரும் இத்திட்டத்தின் பத்துத் துறைகளில் சுகாதாரமும் ஊட்டச்சத்தும் ஒன்று.

2018இல் விருதுநகர் முன்னேற விழையும் மாவட்டமாகத் தேர்வானது. அதன் மதிப்பீட்டில் சுகாதாரத்திற்கும் ஊட்டச்சத்துக்கும் 30 விழுக்காடு எடை உண்டு. ஆனால் மதிப்பெண் மாவட்டச் சராசரிக்கே தரப்படுகிறது. சராசரி உயரும்போது காலனியும் சேர்ந்து உயர்ந்ததா என்பது அதில் தெரியாது.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதியின் நிலை வேறு. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஆலையில், மாத ஊதியம் ₹21,000க்கு மிகாதவர்களுக்கு அது உரிமை. ஆனால் அவ்வுரிமை ஆலைப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் கைக்கு வரும். ஒரே உரிமத்தின் கீழுள்ள அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விடும்போது, தொழிலாளி யாரிடம் வேலை செய்கிறார் என்பதே ஏட்டிலிருந்து மறைகிறது. இவ்வாறு விடுபட்டோரின் சுமையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மீதே விழுகிறது. எனவே பொது நிதியின் பங்கு இவ்வட்டாரத்தில் பிற இடங்களைவிட முக்கியமாகிறது.

நாம் கேட்க வேண்டியவை

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுகாதாரக் குழுவின் வரவு செலவை அங்கே வாசிக்கக் கோரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 6ஆம் பிரிவின்படி மனு எழுதும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் பொதுவாகக் கேட்பதைவிட, பின்வருமாறு குறித்துக் கேட்பது பயன் தரும்:

1. மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கையில் (எண் 19) 789 தலைப்பின் கீழ் நம் மாவட்டத்திற்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, திரும்ப ஒப்படைத்த தொகை ஆகியவை எவ்வளவு?

2. அச்செலவில் பயனாளியின் பெயராலோ குடியிருப்பின் பெயராலோ காட்டத்தக்கது எவ்வளவு?

3. முன்மாதிரிக் கிராமத் திட்டத்தில் தேர்வான நம் வட்டக் கிராமங்கள் எவை? அவற்றில் சுகாதாரத்திற்காக எடுக்கப்பட்ட பணிகள் எவை?

4. நம் ஊராட்சியின் சுகாதாரக் குழு உறுப்பினர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? கடந்த மூன்று ஆண்டுகளில் குழு கூடிய நாள்களும் இடங்களும் எவை?

விருதுநகர் வருவாய் மாவட்டத்திற்குள் விருதுநகர், சிவகாசி என இரு சுகாதார மாவட்டங்கள் இயங்குவதால், மனுவை இரு அலுவலகங்களுக்கும் அனுப்புவது நல்லது. வரும் பதில்களை ஊராட்சி வாரியாகத் தொகுத்தால், ஏட்டில் உள்ள 20 விழுக்காட்டில் காலனிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதைக் கிராம சபையில் எண்ணிக்கையோடு பேச முடியும். 2024ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உயிர் தருவது அத்தகைய கணக்கே.