வலமிருந்து இடமாக

மாங்கா என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. நாம் இங்கே பேசப்போவது ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றி. அது ஆங்கிலத்துக்குள் நுழைந்த முதல் வழிகளுள் ஒன்று, வணிகர்கள் போட்ட வழியன்று.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கெய்ஜி நகாசவாவுக்கு ஆறு வயது. பள்ளிச் சுவரொன்று மறைத்ததால் அவர் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் அன்றே மாண்டனர். 1966இல் தாய் இறந்தார். எரியூட்டிய பின் பார்த்தால், எலும்பென்று பொறுக்கியெடுக்க வெண்துகள்களன்றி எதுவும் மிஞ்சவில்லை. அதுவரை குண்டைப் பற்றிப் பேசவே விரும்பாதிருந்தவரை அந்தச் சாம்பல்தான் வரையவைத்தது. 1973இல் 'ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் 'ஹதாஷி நோ கென்' தொடங்கிற்று. 'வெறுங்கால் கென்' எனத் தமிழில் சொல்லலாம்.

1976இல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த அமைதி நடைப்பயணம் ஒன்றில் ஜப்பானிய இளைஞர்கள் சிலரும் நடந்தார்கள். உடன் நடந்தவர்கள் ஹிரோஷிமாவைப் பற்றிக் கேட்டபோது, கையிலிருந்த கென் நூலை எடுத்துக் காட்டினார்கள். இதை எங்கள் மொழியில் தாருங்கள் என்றனர் அமெரிக்க நண்பர்கள். அவ்வாண்டே டோக்கியோவில் ஊதியமில்லாத ஆர்வலர் குழு ஒன்று உருவானது. 1978இல் முதல் ஆங்கிலத் தொகுதி வெளிவந்தது. பின்னர் ஜெர்மன், எஸ்பெராண்டோ பதிப்புகளும் வந்தன. அமெரிக்காவில் 1980இல் அதைச் சித்திரக்கதை இதழாக வெளியிடும் முயற்சி இரண்டு இதழ்களோடு நின்றுபோயிற்று. பத்துத் தொகுதிகளும் ஆங்கிலத்தில் முழுமை பெற, 2004இல் தொடங்கிய புதிய பதிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

மொழிபெயர்ப்பில் சொற்களைவிடத் திசைதான் பெருந்தொல்லை. ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடமாக நகர்வது. எழுத்து மேலிருந்து கீழாக இறங்குவதால் உரையாடல் குமிழ்களும் நெடிது, ஒடுங்கியிருக்கும். ஆங்கில வரிகள் அவற்றுள் அடங்குவதில்லை. ஆகவே தொடக்ககாலப் பதிப்பாளர்கள் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள். விளைவு, சாமுராய்கள் எல்லாரும் இடக்கையர் ஆனார்கள். அது போகட்டும். கிமோனோவின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேல் வரவேண்டும் என்பது ஜப்பானிய முறை. மாற்றி உடுத்துவது பிணத்துக்கு மட்டுமே. திருப்பிய பக்கத்தில் சிரித்துப் பேசுகிறவர்களும் இறந்தவர் கோலத்தில் நின்றார்கள். 2002இல் டோக்கியோபாப் பதிப்பகம் தன் வரிசையைத் திருப்பாமலேயே வெளியிட முற்பட்டது. வேறு சிலரும் அதற்கு முன்பே அவ்வாறு செய்து பார்த்ததுண்டு. வாசகர் முணுமுணுக்காமல் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கப் பழகிக்கொண்டார்கள். வாசகரைக் குறைத்து மதிப்பிடுவது பதிப்பாளரின் பழைய நோய்.

அருங்காட்சியகங்களின் சிக்கல் வேறு. மாங்காவில் முடிந்த படைப்பு என்பது அச்சுப் பிரதியே. மூலத்தாள் அதற்கான ஏற்பாடு. திருத்த வெள்ளையும் ஒட்டிய சொற்துண்டுகளும் அதில் அப்படியே கிடக்கும். வெளிச்சம் பட்டால் மை வெளுக்கும். இதற்கென்றே கியோட்டோவின் செய்க்கா பல்கலைக்கழகத்தில், ஓவியர் கெய்கோ தகெமியாவின் முயற்சியால் 2001இல் ஒரு திட்டம் தொடங்கியது. பென்சில் தடம்கூட விடுபடாமல் மூலத்தாள்களை நகலெடுக்கிறார்கள். அந்நகல்கள் வெளிநாட்டுக் காட்சிகளுக்கும் செல்கின்றன.

2019 மே முதல் ஆகஸ்ட் வரை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்திய மாங்கா கண்காட்சியில், 1880இல் கவனாபே கியோசாய் வரைந்த 17 மீட்டர் நீள நாடகத் திரையும் தொங்கியது. மாங்காவுக்குப் பழம்பெருமை தேடித்தரும் ஆசை அதில் தெரிகிறது. சற்று இழுத்துப் பொருத்திய உறவென்றே நமக்குப் படுகிறது. நம்மை ஈர்த்தது வேறொரு மூலை. டோக்கியோவின் பழம்பெரும் மாங்கா கடையான 'காமிக் தகாவோகா'வைப் படங்களாக அங்கே எழுப்பி, பார்வையாளர் எடுத்துப் படிக்க நூல்களும் வைத்திருந்தார்கள். உண்மையான கடை அவ்வாண்டு மார்ச் மாதமே மூடப்பட்டுவிட்டது.