ராஜபக்ச – ஹெல உறுமய உடன்பாடு (2005)

இலங்கை அதிபர் தேர்தலில் போட்டியிட்ட மகிந்த ராஜபக்ச, 2005 செப்டம்பரில் ஜாதிக ஹெல உறுமயவுடன் செய்துகொண்ட உடன்பாடு. பௌத்த பிக்குகளையே வேட்பாளர்களாக நிறுத்தி 2004இல் 9 இடங்களை வென்ற சிங்களப் பேரினவாதக் கட்சி அது. ஒற்றையாட்சி காக்கப்பட வேண்டும், விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்த ஒப்பந்தம் திருத்தப்பட வேண்டும் என்பவை ஆதரவுக்குப் பிக்குகள் கேட்ட விலை. மக்கள் விடுதலை முன்னணியும் (ஜே.வி.பி.) ஏறத்தாழ அதையே கேட்டுப் பெற்றது. ராஜபக்ச 50.29 சதவீத வாக்குகளுடன் நூலிழையில் வென்றார். புலிகள் திணித்த புறக்கணிப்பால் வடக்குத் தமிழர் வாக்களிக்காததும் இதற்குக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்தைக் கைவிட்டது.

அதன்பின் தொடர்ந்த போரின் இறுதி நாட்களில், 2009 மே 13 அன்று தமிழ்நாட்டின் தென்சென்னைத் தொகுதி மக்களவைக்கு வாக்களித்தபோது, முள்ளிவாய்க்கால் மருத்துவமனைமீது எறிகணைகள் விழுந்தன. அத்தேர்தலில் தனி ஈழமே தீர்வு என்று முழங்கினார் அ.தி.மு.க.வின் ஜெயலலிதா. ஏப்ரல் 27இல் போர்நிறுத்தம் கோரி உண்ணாநோன்பு இருந்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி.