ஷா முதல் செக் வரை

ஆங்கிலத்தின் ‘செக்’ என்ற சொல்லுக்கு மூலம் ஒரு பாரசீக அரசன். பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். வடமொழியின் ‘சத்திரியன்’ அதற்குத் தூரத்து உறவு. இந்தியாவிலிருந்து சதுரங்கம் பாரசீகத்துக்குப் போன பின், எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்துக்குக் காயை நகர்த்தியவர் ‘ஷா’ என்று எச்சரிப்பது அங்கே வழக்கமானது. அந்தக் குரல் அரபியர் வழியே ஐரோப்பா சென்று, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் ஆங்கிலத்தில் ‘செக்’ என்றும் திரிந்தது. ‘செஸ்’ என்ற பெயரும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான். ஆட்டம் இந்தியாவினுடையது, ஆங்கிலத்தில் அதற்கு வாய்த்த பெயர் பாரசீக அரசனுடையது.

அரசனுக்கு ‘செக்’ விழுந்தால் மற்ற திட்டமெல்லாம் அப்படியே நிற்கும். அவனைக் காப்பாற்றாமல் வேறு எதுவும் செய்ய முடியாது. தடுத்தல், அடக்குதல் என்ற பொருள்கள் இப்படி வந்தவை. தவறைத் தடுப்பதற்காக ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பது அதிலிருந்து கிளைத்த பிற்காலப் பொருள்.

சதுரங்கப் பலகை தனியாக ஒரு கிளை விட்டது. லத்தீனில் அதன் பெயர் ‘ஸ்காக்காரியம்’. முதலாம் ஹென்றி (1100–1135) காலத்திலேயே இங்கிலாந்து அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்த மன்றத்துக்கும் இதே பெயர் வழங்கியது. காரணம் அங்கிருந்த மேசை. 1170களின் பிற்பகுதியில் அதை வருணித்தவர், அங்கேயே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். வைத்தது கீழே விழாதிருக்க நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை எழுதிவைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் பென்னி, ஷில்லிங், பவுண்டு, அதற்கு மேல் இருபது, நூறு, ஆயிரம் எனப் பத்தி பத்தியாக வில்லைகளை அடுக்கினார்கள். மாவட்ட வரி வசூலித்த ஷெரிஃப் கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டியது இன்னொரு வரிசை. பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடக்கும் போர் என்றே ஃபிட்ஸ்நீல் இதைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்டார். அந்த மேசையின் பெயரை பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் சுமக்கிறார்: ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’. கட்டம் போட்ட ‘செக்’ சட்டையும் பலகைக் கிளையில் வந்ததே.

வங்கியில் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, தனக்கு வாய்த்த ‘செக்’ என்ற பெயரைவிட மூத்தது. 1659ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று லண்டனில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கே முதலில் அப்பெயர். பிறகு அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் ‘எக்ஸ்செக்கர்’ சாயலில் அமைய, அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார்கள். உணவக பில்லையும் அவர்கள் ‘செக்’ என்றே கேட்பார்கள்.

தமிழில் வங்கித் தாள் ‘காசோலை’ ஆனாலும் பேச்சில் ‘செக்’தான். ‘செக் போஸ்ட்’டில் வண்டி நிற்கிறது. கட்சித் தலைமை ஒருவருக்குச் ‘செக் வைத்தது’ என்று நாளிதழ் எழுதும்போது, சதுரங்கம் ஆடியே அறியாதவருக்கும் அந்தப் பழைய ‘ஷா’ கேட்டுவிடுகிறது.