பூவே தீவு: பெயர் ஊன்றிய கதை

1739 ஜனவரி 1. தென்கண்டத்தைத் தேடிப் புறப்பட்ட ‘எக்ல்’, ‘மரி’ என்ற இரு பிரெஞ்சுக் கப்பல்களின் முன்னால், மூடுபனிக்கு நடுவே பனி போர்த்திய உயரமான கரை ஒன்று தெரிந்தது. தலைவர் பூவே டி லோசியேவால் இறங்கவும் முடியவில்லை, சுற்றிப் பார்க்கவும் முடியவில்லை. தென்கண்டத்தின் முனையென்றே அதை நம்பினார். அன்று கிறிஸ்துவின் விருத்தசேதனத் திருநாள். முனைக்கும் அதையே பெயராக வைத்தார்.

பெயர் கிடைத்தது, இடம் தப்பியது. கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கும் கடிகாரம் அன்று புழக்கத்தில் இல்லை. அந்த அட்சரேகையில் ஒரு பாகை பிசகினாலே சுமார் 65 கி.மீ. விலகிவிடும். பூவேயின் கணக்கோ பல பாகை கிழக்கே தள்ளிப்போனது. 1770களில் தேடிப்போன ஜேம்ஸ் குக் வெறுங்கடலைத்தான் கண்டார். பூவே பார்த்தது பனிப்பாறையாக இருக்கும் என்று முடிவுகட்டினார்.

1808இல் திமிங்கல வேட்டைக் கப்பலில் வந்த ஜேம்ஸ் லிண்ட்சேயின் கண்ணில் தீவு பட்டது. லிண்ட்சே தீவு ஆனது. 1825இல் ஜார்ஜ் நோரிஸ் அதற்கு லிவர்பூல் தீவு என்று பெயரிட்டு, பிரிட்டிஷ் மன்னருக்கு உரிமை கோரினார். பக்கத்தில் தாம்சன் தீவு ஒன்றைக் கண்டதாகவும் எழுதினார். அப்படி ஒரு தீவு இருப்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

1898இல் ஜெர்மனியின் ‘வால்டிவியா’ ஆய்வுக் கப்பல்தான் இடத்தைத் துல்லியமாகக் குறித்தது: தெற்கே 54 பாகை, கிழக்கே 3 பாகையை ஒட்டி. 1927 டிசம்பரில் ‘நோர்வேஜியா’ பயணக் குழு கரையேறி நார்வேக் கொடியை ஏற்றியது. பின்னர் பிரிட்டன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது.

தீவின் பரப்பு 49 ச.கி.மீ. அதில் 93 சதவீதம் பனியாறு. எரிமலை வாயையும் பனி நிரப்பிவிட்டது. மிக உயர்ந்த சிகரம் 780 மீட்டர். பெரும்பாலான கரைகளில் பனியாறு செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. 1950களில் மலைச்சரிவு ஒன்று கொட்டிய கற்குவியல் மேற்குக் கரையில் நியூரோய்சா என்ற தாழ்ந்த திட்டாயிற்று. இன்று கடல்நாய்களும் பென்குவின்களும் குட்டி வளர்ப்பதும் குஞ்சு பொரிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். 1971 முதல் தீவு இயற்கைக் காப்பகம்.

உரிமை பெற்ற நார்வே புதுப்பெயர் தேடாமல் முதலில் கண்டவரின் பெயரையே ஏற்றது நேர்மையான செயல். ஆனால் அந்தப் பெயர் ஊன்றி நிற்க இடம் கொடுத்தவர்கள் வால்டிவியாவில் இருந்த கணிப்பாளர்கள். கண்டவருக்குத் தரும் புகழில் அளந்தவர்களுக்கும் சரிபாதி சேர வேண்டும்.