இரண்டாண்டு அளவுகோலும் முந்நூறு கோடி ஆண்டுப் பாறையும்: ஒரு வட்டார நிலவியல் இதழின் மேற்கோள் மதிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நிலவியல் சங்கத்தின் இதழை முன்வைத்து, வட்டார நிலவியல் இதழ்களைத் தாக்கக் காரணி கொண்டு மதிப்பிடும் வழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விதழின் தாக்கக் காரணி குறைவாக இருப்பதற்கு ஆய்வுத் தரம் ஒரு பகுதிக் காரணமே. அந்த எண்ணைக் கணக்கிடும் கால எல்லையும், நிலவியல் அறிவு பயன்பாட்டுக்கு வரும் விதமும் அதைவிடப் பெரிய காரணங்கள். மேற்கோள் எண்ணை உயர்த்துவதற்காக இதழ் தன் ஆய்வுக் களத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது என்றும், அதே வேளையில் வட்டாரம் என்ற பெயரைக் குறைபாடுகளுக்குக் கேடயமாக்கவும் கூடாது என்றும் கட்டுரை வாதிடுகிறது.

1. இதழும் அதன் களமும்

இந்திய நிலவியல் சங்கம் 1958-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. அதன் இதழ் 1959 முதல் வெளிவருகிறது. பி.பி. ராதாகிருஷ்ணா நீண்ட காலம் இதன் ஆசிரியராகவும் பின்னர் சங்கத்தின் தலைவராகவும் இருந்து இதழுக்கு ஒரு முகத்தை அமைத்துக் கொடுத்தார். தொடக்கத்திலிருந்தே இதன் நடுக்களம் தீபகற்ப இந்தியாவின் முற்கேம்பிரியன் பாறைகள்தான். தார்வார் நிலத்திட்டின் பசும்பாறைப் பட்டைகள், தென்னிந்தியக் கிரானுலைட்டுகள், கடப்பை, விந்தியப் படுகைகள், தக்காணத்து எரிமலைப் பாறைகள், கோண்டுவானாப் படிவுகள் ஆகியவை இதழில் மீண்டும் மீண்டும் வரும் பொருள்கள். இமயமலை ஆய்வுகளும், கடினப்பாறைப் பகுதிகளின் நிலத்தடி நீர், கனிம வளம் போன்ற பயன்பாட்டுத் துறைகளும் இவற்றோடு சேர்ந்தன.

இந்தக் களத் தேர்வுக்கு அறிவியல் காரணம் உண்டு. வேதியியலில் ஒரு வினையை எந்த நாட்டு ஆய்வகத்திலும் மறுபடி செய்து பார்க்கலாம். நிலவியலாளர் ஆராயும் பாறை வெளிப்பாடு ஓரிடத்தில் மட்டுமே இருக்கிறது. அதை நேரில் பார்த்து, வரைபடத்தில் குறித்து, மாதிரி எடுத்து எழுதியவரின் பதிவுக்கு மாற்று கிடையாது. நாளை அந்தக் குன்று கல்குவாரியில் கரைந்துவிட்டால் அச்சில் உள்ள விவரிப்பே எஞ்சும் சான்று. அத்தகைய பதிவுகளை ஒழுங்காக வெளியிட்டுக் காப்பதே வட்டார நிலவியல் இதழின் முதல் கடமை.

இவ்வளவு பணி செய்த இதழின் தாக்கக் காரணி பல ஆண்டுகள் ஒன்றுக்குக் கீழேயே நின்றது. அண்மைக் காலத்தில்தான் அது ஒன்றைச் சற்றே கடந்தது. இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லத் தவறுகிறது என்பதே நம் கேள்வி.

2. எண்ணின் இலக்கணம்

மேற்கோள்களை அட்டவணையாக்கும் எண்ணத்தை யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் முன்வைத்தார். இதழ்களைத் தரவரிசைப்படுத்தும் ஆண்டு அறிக்கை 1975 முதல் வரத் தொடங்கியது. கணக்கு எளியது: ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் நடப்பாண்டில் பெற்ற மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தாக்கக் காரணி கிடைக்கும்.

சிக்கல் அந்த இரண்டாண்டு எல்லையில் இருக்கிறது. மூலக்கூறு உயிரியலில் ஒரு கண்டுபிடிப்பு வெளிவந்த சில மாதங்களிலேயே பிற ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். நிலவியலில் ஒரு கட்டுரையைப் படித்தவர் களப்பணிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்; மழை ஓய்ந்த பருவத்தில் போய் மாதிரி எடுக்க வேண்டும்; சிர்க்கான் மணிகளைப் பிரித்து யுரேனியம்–ஈயக் காலக்கணிப்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்; எழுதி மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டாண்டு சாளரம் மூடிவிடுகிறது. நிலவியல் இதழ்களின் மேற்கோள் அரையாயுள் பெரும்பாலும் நீண்டது. பெறும் மேற்கோள்களில் பாதி பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரைகளுக்குப் போகும் இதழ்களும் உண்டு. 2007-ஆம் ஆண்டுக்கான அறிக்கையிலிருந்து ஐந்தாண்டுத் தாக்கக் காரணியும் சேர்க்கப்பட்டது. ஆனால் நிர்வாகங்களின் கண் இன்னும் இரண்டாண்டு எண்ணிலேயே நிலைத்திருக்கிறது.

எண்ணுக்கே அகப்படாத பயன்பாடும் உண்டு. எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நினைவேட்டில் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரெட்டேசியஸ் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இன்றும் அங்கே வேலை செய்பவர்கள் இந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பிளான்ஃபோர்டைச் சான்று காட்டுவதில்லை. பரங்கிமலைப் பகுதிப் பாறைக்கு டி.எச். ஹாலண்டு 1893-இல் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கல்லும் இவ்வகைப் பாறையே என்பதால் வந்த பெயர் அது. இன்று அண்டார்க்டிகா, ஸ்காண்டிநேவியா என எங்கே இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். ஹாலண்டின் பெயரோ பெரும்பாலும் சான்றுப் பட்டியலில் இருப்பதில்லை. ஓர் ஆய்வு பொது அறிவில் முழுதாகக் கலந்துவிடும்போது அதன் மேற்கோள் மறைந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டினார். பெயரிடலும் வகைப்பாடும் மிகுந்த நிலவியலில் இந்த மறைவு மற்றத் துறைகளைவிட அதிகம்.

3. சிதறலின் கணிதம்

சில மைய இதழ்களைப் படித்தால் ஒரு துறையை அறிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை மேற்கோள் அட்டவணைகளுக்கு அடிப்படையாக இருந்தது. அதன் வேர் எஸ்.சி. பிராட்ஃபோர்டு 1934-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட இரு துறைகளில் ஒன்று பயன்பாட்டுப் புவி இயற்பியல். 1928 முதல் 1931 வரை அத்துறையில் 326 இதழ்களில் வெளிவந்த 1,332 கட்டுரைகளை அவர் எண்ணினார். முதல் 9 இதழ்களில் 429 கட்டுரைகளும், அடுத்த 59 இதழ்களில் 499 கட்டுரைகளும், மீதி 258 இதழ்களில் 404 கட்டுரைகளும் இருந்தன.

இந்தக் கணக்கிலிருந்து மையம் சிறியது என்ற முடிவைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். கார்ஃபீல்டும் பிறகு இதையே விரித்து, எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துச் சில நூறு இதழ்களே போதும் என்று வாதிட்டார். ஆனால் அதே எண்கள் வேறொன்றையும் காட்டுகின்றன: ஒரு துறையின் கட்டுரைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இதழுக்கு இரண்டு கட்டுரைகூட இல்லாத வால்பகுதியில் சிதறிக் கிடந்தது. இடத்தோடு பிணைந்த அறிவியலில் அந்த வாலை வெட்டி எறிந்தால் சில இடங்களைப் பற்றிய அறிவே முழுதாகப் போய்விடும். மையத்தில் உள்ள ஒன்பது இதழ்கள் அதற்கு ஈடு செய்ய முடியாது.

4. விந்தியப் புதைபடிவங்கள்: ஒரு சோதனை வழக்கு

வட்டார இதழ் ஒன்றின் தாக்கம் எப்படி நடக்கிறது என்பதற்கு விந்தியப் படுகை நல்ல சான்று. 1998-இல் ஆர்.ஜே. அஸ்மி, சோன் பள்ளத்தாக்கின் கீழ் விந்தியப் பாறைகளில் கேம்பிரியன் தொடக்கக் காலச் சிறு ஓட்டு உயிரிகளைக் கண்டதாக இந்திய நிலவியல் சங்க இதழில் எழுதினார். அதே ஆண்டு அடோல்ஃப் சைலாக்கரும் உடனாய்வாளர்களும் அதே விந்தியத் தொடரின் சோர்ஹட் மணற்கல்லில் புழுத் தடங்கள் போன்றவை இருப்பதாகவும், அவை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை என்றும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. அஸ்மியின் காலக்கணிப்பு உண்மையானால் பாறையின் வயது சுமார் 54 கோடி ஆண்டுதான்; சைலாக்கரின் புழுக்கள் அத்தனை தொன்மையானவை ஆகா.

தீர்வு மெல்லத்தான் வந்தது. 2002-இல் ‘ஜியாலஜி’ இதழில் வெவ்வேறு குழுக்கள் வெளியிட்ட சிர்க்கான் காலக்கணிப்புகள் கீழ் விந்தியப் பாறைகளின் வயதைச் சுமார் 160 கோடி ஆண்டு எனக் காட்டின. 2009-இல் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வெளியிட்ட ஆய்வு இரு பக்கத்துக்கும் உரிய நீதியைச் செய்தது. அஸ்மியின் புதைபடிவங்கள் உண்மையானவையே. ஆனால் அவர் சொன்னதைவிட நூறு கோடி ஆண்டுக்கும் மேல் தொன்மையானவை. அவற்றில் பல நுண்ணுயிரிகளும் இழைப்பாசி போன்றவையும்; கருவுருக்கள் என்று கருதப்பட்டவை வாயுக் குமிழிகள்.

இந்த வழக்கைத் தாக்கக் காரணியின் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1998 கட்டுரை 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கணக்கில் மட்டுமே சேரும். உண்மையை நிறுவிய 2002, 2009 ஆய்வுகளில் அக்கட்டுரைக்கு எழுந்த எந்த மேற்கோளும் இதழின் எண்ணில் ஒரு துளியும் சேராது. ஒரு வட்டார இதழ் கிளப்பிய கேள்வி பதினோரு ஆண்டு உலகின் சிறந்த காலக்கணிப்பு ஆய்வகங்களை வேலை வாங்கியது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் ஆண்டு அறிக்கையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மேற்கோள் என்பது பாராட்டு அல்ல. அஸ்மியின் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் பலர் அவருடைய காலக்கணிப்பை மறுக்கவே காட்டினார்கள். தவறான காலக்கணிப்பும் மெய்யான புதைபடிவமும் ஒரே கட்டுரையில் இருந்ததை எண் பிரித்தறியாது. ஆனால் அறிவியல் பிரித்தறிந்தது. அதற்கு முதல் பதிவு அச்சில் இருந்ததே காரணம்.

5. கற்கள் இங்கே, கட்டுரைகள் அங்கே

வட்டார இதழின் எண் குறைவதற்கு இன்னொரு காரணம் அதன் சிறந்த பொருள்கள் வெளியே போய்விடுவது. கர்நாடகத்தின் கப்பாளதுர்கா குவாரியில் சாம்பல்நிற நைஸ் பாறை, கரும்பச்சைச் சார்னோக்கைட்டாக மாறும் தருணம் கல்லிலேயே உறைந்திருக்கிறது. சி.எஸ். பிச்சமுத்து 1960-இல் அதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மைசூரின் ஜனார்த்தனும் சிகாகோவின் நியூட்டனும் ஸ்மித்தும் 1979-இல் அதே இடத்தைப் பற்றி அதே ‘நேச்சரில்’ எழுதினார்கள். ராதாகிருஷ்ணாவே நக்வியுடன் சேர்ந்து இந்தியாவின் முற்கேம்பிரியன் நிலமேலோடு பற்றிய தொகுப்புரையை 1986-இல் சிகாகோவின் ‘ஜர்னல் ஆஃப் ஜியாலஜி’யில் வெளியிட்டார்.

இதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. உலகம் கவனிக்க வேண்டிய கண்டுபிடிப்பை உலகம் படிக்கும் இடத்தில் வெளியிடுவது இயல்பு. ஆனால் அந்தக் கட்டுரைகளின் அடித்தளமாகிய வரைபடங்களும் களக் குறிப்புகளும் மாவட்ட அளவிலான விவரிப்புகளும் வட்டார இதழ்களிலும் துறை அறிக்கைகளிலும் இருந்தன. மேற்கோள் கடைசிப் படியை மட்டும் எண்ணுகிறது. ஏறிவந்த படிகளை எண்ணுவதில்லை.

6. எதிர்வாதமும் அதன் எல்லையும்

குறைந்த எண்ணில் எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. வட்டார இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளில் ஒரு பகுதி உண்மையாகவே மெலிந்தவை. ஒரு தாலுகாவின் கிணற்று நீரில் அயனி அளவுகளை அளந்து, அட்டவணையிட்டு, எந்தக் கேள்விக்கும் விடை தராமல் முடியும் ஆய்வுகள் உண்டு. மாதிரி எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள்கூடச் சில கட்டுரைகளில் இருப்பதில்லை. ஒரு வட்டாரத்தைப் பற்றி எழுதுவது வேறு, சிறிய கேள்வியோடு நின்றுவிடுவது வேறு. ஒரே குவாரியிலிருந்து புவியின் ஆழ்மேலோட்டில் நீர் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி எழலாம் என்பதைக் கப்பாளதுர்கா காட்டியது.

மறுபக்கத்தில் எம். சந்தோஷ் 1997-இல் தொடங்கிய ‘கோண்டுவானா ரிசர்ச்’ பின்னர் எல்செவியர் வெளியீடாகி உயர்ந்த தாக்கக் காரணி பெற்றது. கண்டங்களை இணைக்கும் பொருளைத் தேர்ந்தெடுத்தது அதன் வலிமை. ஆனால் எல்லா இதழ்களும் அப்படி மாறிவிட்டால், சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையே ஓடும் டைக்குகளின் வரைபடத்தை அச்சிட யார் இருப்பார்கள்? எண்ணுக்காகக் களத்தை விட்டு நகரும் இதழ் அந்தப் பணியை யாருக்கும் ஒப்படைக்காமலே கைவிடுகிறது.

நிர்வாகம் எண்ணைக் கூர்மையாக்கும்போது இந்த அழுத்தம் கூடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், தாக்கக் காரணி ஒன்றுக்குக் கீழுள்ள இதழில் வெளியான கட்டுரைக்குக் கூடுதலாக 10 மதிப்பெண்ணும், பத்துக்கு மேலுள்ள இதழில் வெளியான கட்டுரைக்கு 30 மதிப்பெண்ணும் தந்தன. பணி உயர்வுக்குக் காத்திருக்கும் இளம் நிலவியலாளர், தம் மாவட்டத்தைத் தெளிவாக வரையும் கட்டுரையை எழுத முன்வருவாரா என்பதை இந்த ஒப்பீடே சொல்லிவிடுகிறது. 2013-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கை தனிமனிதரின் ஆய்வை மதிப்பிட இதழ்-அளவு எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2015-இன் லைடன் கொள்கை அறிக்கை உள்ளூர்த் தேவைக்கான சிறந்த ஆய்வைப் பாதுகாப்பதைத் தன் பத்துக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. நிலவியலைவிட இக்கொள்கை அதிகம் பொருந்தும் துறையைக் காண்பது அரிது.

7. முடிவும் முன்மொழிவும்

இந்த வாதத்திலிருந்து நான்கு நடைமுறைகள் பிறக்கின்றன. முதலாவது, வட்டார நிலவியல் இதழ் தன் தாக்கக் காரணியோடு மேற்கோள் அரையாயுளையும் பத்தாண்டு மேற்கோள் அளவையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, ஆயத்தொலைவும் மாதிரி வைக்கப்பட்ட இடமும் முழுத் தரவு அட்டவணையும் இல்லாத கட்டுரையை ஏற்கக் கூடாது. எந்த அறிவியல் கேள்விக்காக அந்த இடம் ஆராயப்பட்டது என்பதை ஒவ்வொரு கட்டுரையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். மூன்றாவது, துறை அறிக்கைகள், நிலத்தடி நீர்த் திட்டங்கள், சுரங்கத் திட்டங்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஆகியவற்றில் இதழின் பயன்பாட்டை எண்ணும் ஏற்பாடு வேண்டும். நான்காவது, பழைய தொகுதிகள் அனைத்தும் தேடத்தக்க வடிவில் எவரும் படிக்கத் திறந்திருக்க வேண்டும். விந்தியப் பாறைக்கு வயது கணிக்க வந்தவர்களுக்குப் பழைய பதிவு கிடைத்தது போல, அடுத்த கேள்வியோடு வருபவருக்கும் அது கிடைத்தாக வேண்டும்.

இரண்டாவது நடைமுறை இதழின் பொறுப்பு. அதைச் செய்யாமல் எண்ணைக் குறைசொல்ல அதற்கு உரிமையில்லை. மற்றவை மதிப்பிடுபவர்களின் பொறுப்பையும் கோருகின்றன. ஒரு நிலவியல் இதழின் தாக்கத்தை அறிய விரும்புபவர் கேட்க வேண்டியது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் அதைக் குறிப்பிட்டார்கள் என்பதல்ல. இருபது ஆண்டுகள் கழித்து அந்த இடத்துக்குப் போகும் ஆய்வாளர் எந்தப் பதிவு இல்லாமல் வேலை தொடங்க முடியாது என்பதே. அந்தக் கேள்விக்கு விடையாகும் கட்டுரைகளை வெளியிடும் வரை, வட்டார இதழ் தன் எண்ணைக் கண்டு தன் களத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.